ஏற்காடு காபியும் ஜாவா ஜாடியும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும்போது, பாதி வழியிலேயே காற்றின் வாசனை மாறிவிடும். சேர்வராயன் மலைச் சரிவுகளில் நெடுநெடுவென சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் நிழலில் காபிச் செடிகள். அதே மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகும் மிளகுக் கொடி. காபிக்கு நிழல் வேண்டும், மிளகுக்குப் பற்றிக்கொள்ள மரம் வேண்டும். மரத்தை வெட்டினால் இரண்டும் போச்சு.

இந்தத் தோட்டத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெயரில் ஆரம்பித்தாலே நிறைய இருக்கிறது.

'ஜாவா' என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு, அதை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் முதலில் வைத்த பெயர் 'ஓக்'. அவருடைய அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓக் மரம்தான் காரணம். அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கெனவே பதிவு செய்திருந்ததால், 1995-ல் காபியின் பெயரான 'ஜாவா'வுக்கு மாறினார்கள். ஜாவா தீவின் காபிச் செடி எங்கிருந்து போனது தெரியுமா? 1690-களின் கடைசியில் டச்சுக்காரர்கள் நம் மலபாரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனது. ஏற்காட்டுக்குக் காபி வந்தது அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்.

'ஜாவாஸ்கிரிப்ட்' கதை இன்னும் வேடிக்கை. 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் எழுதிய மொழி அது. முதலில் வைத்த பெயர் 'மோக்கா'. அதுவும் காபி சமாசாரம்தான், ஏமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர். பிறகு 'லைவ்ஸ்கிரிப்ட்' ஆகி, அந்த டிசம்பரில் 'ஜாவாஸ்கிரிப்ட்' ஆனது. அப்போது ஜாவாவுக்கு ஏகப்பட்ட மவுசு. அந்த மவுசில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளத்தான் இந்தப் பெயர். மற்றபடி இரண்டுக்கும் உள்ள உறவு, மாங்காய்க்கும் மாமாவுக்கும் உள்ள உறவுதான். (கல்லூரி நேர்காணல்களில் இன்றைக்கும் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.)

உறவே இல்லாத இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் சங்கதி. பல இணையதளங்களில் பின்கட்டில் சமைப்பது ஜாவா. முன்கட்டில் இலை போட்டுப் பரிமாறுவது ஜாவாஸ்கிரிப்ட். பணக்கணக்கு, அறை காலியா இல்லையா என்ற விவரமெல்லாம் பின்கட்டில், சர்வரில் இருக்கும். நீங்கள் தேதியைத் தொட்டதும் காலண்டர் விரிவது, படங்கள் நகர்வது, 'போன் நம்பர் தப்பு' என்று சிவப்பில் எழுத்து வருவது எல்லாம் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிற முன்கட்டு வேலை.

அந்த முன்கட்டு வேலையை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. காலண்டருக்கு ஒருவர் எழுதி வைத்தது, அலங்காரத்துக்கு இன்னொருவர் எழுதி வைத்தது என்று தயாராகக் கிடைப்பவற்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இவற்றுக்கு 'லைப்ரரி' என்று பெயர். 2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி இன்றும் உலக இணையதளங்களில் பாதிக்கும் மேலானவற்றில் ஓடுகிறது. 2011-ல் ட்விட்டரிலிருந்து வந்த பூட்ஸ்ட்ராப் இன்னொன்று. பூட்ஸ்ட்ராப்பின் நான்காம் பதிப்பு வரை, ஜேக்வெரி இல்லாமல் அதன் மெனுக்களும் பாப்-அப்களும் வேலை செய்யாது. மிளகுக் கொடிக்கு சில்வர் ஓக் மாதிரி. ஐந்தாம் பதிப்பில்தான் அந்தக் கொடி மரத்தை விட்டுத் தனியே நிற்கக் கற்றுக்கொண்டது.

மே மாதத்தில் காலண்டர் திறக்காவிட்டால்

ஏற்காட்டில் எட்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடத்துவது ஓர் அம்மா. சேலத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மென்பொருள் நிறுவனம் அவருக்கு ஜாவாவில் முன்பதிவுத் தளம் செய்து கொடுத்திருக்கிறது. கோடை விழா நேரம். வருடத்தின் பாதி வருமானம் அந்த ஒரு மாதத்தில்தான். அப்போது போன் வருகிறது.

"தம்பி, தேதியை அமுத்தினா ஒண்ணுமே வரமாட்டேங்குதாம். காலையிலிருந்து நாலு பேர் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க."

"எனக்கு இங்க நல்லாத்தானே வருதுங்கக்கா..."

"உனக்கு வந்து என்ன தம்பி பண்றது? ரூம் போடறவங்களுக்கு வரோணுமில்ல?"

அக்கா கேட்பது நியாயம். தளம் சேலத்து சர்வரில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் காலண்டர் லைப்ரரி அங்கே இல்லை. பக்கத்தில் ஒரு முகவரி மட்டும் எழுதி, 'இதை எங்கோ இருக்கும் இன்னொரு சர்வரிலிருந்து வாங்கிக்கொள்' என்று வாடிக்கையாளரின் போனிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப் பொதுவாக லைப்ரரிகளை வினியோகிக்கும் சர்வர்களுக்கு 'சிடிஎன்' என்று பெயர். மலைப்பாதையில் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும் இடத்தில், இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து ஃபைல் வர வேண்டுமென்றால் ஒன்று வந்து இன்னொன்று நிற்கும். பக்கம் தெரியும், பட்டன் வேலை செய்யாது.

சிடிஎன்னுக்கு ஆதரவாக முன்பு ஒரு நல்ல வாதம் இருந்தது. வேறு ஏதோ ஒரு தளத்துக்காக உங்கள் போன் ஏற்கெனவே அதே ஜேக்வெரியை இறக்கி வைத்திருக்கும், மறுபடி இறக்க வேண்டாம் என்பார்கள். இன்று அது செல்லாது. ஒரு தளத்துக்காகச் சேமித்ததை இன்னொரு தளம் தொட முடியாதபடி, 2020 அக்டோபரில் வந்த குரோம் 86-லிருந்து பிரவுசர் அறை அறையாகப் பிரித்து வைக்கிறது. உங்கள் அந்தரங்கத்துக்கு நல்லது. பழைய பாடப் புத்தகத்தை வைத்துத் தளம் செய்கிறவர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

காலண்டர் திறக்காதது தொல்லை. அதைவிடப் பெரிய விஷயம் 2024 ஜூனில் நடந்தது. பழைய பிரவுசர்களில் புதிய வசதிகள் வேலை செய்வதற்காக 'பாலிஃபில்.ஐஓ' என்றொரு இலவசச் சேவை இருந்தது. உலகம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதன் முகவரியைத் தங்கள் பக்கங்களில் எழுதி வைத்திருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த முகவரி சீனாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. பாலிஃபில் திட்டத்தை ஆரம்பித்த ஆண்ட்ரூ பெட்ஸ் அப்போதே 'உடனே அதை எடுத்துவிடுங்கள்' என்று எச்சரித்தார். பெரும்பாலோர் எடுக்கவில்லை.

ஜூன் கடைசியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது: அந்த முகவரியிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், போனில் பார்ப்பவர்களைக் குறிவைத்து, விளையாட்டுச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் எல்லோரையும் எல்லா நேரமும் தள்ளவில்லை. குறிப்பிட்ட போன்கள், குறிப்பிட்ட நேரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சோதிக்கிற இன்ஜினீயர் கண்ணில் படாது. ஏமாறுவது பேருந்தில் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், நம்பித் திறந்த தளம் சூதாட்டத்துக்குக் கூட்டிப்போனது என்பதுதான். கெட்ட பெயர் தளத்துக்காரருக்கு.

இப்படி வெளியிலிருந்து வரும் ஃபைலுக்கு ஒரு முத்திரை எண் கொடுத்து, ஒரு எழுத்து மாறினாலும் ஏற்காதே என்று பிரவுசரிடம் சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் பாலிஃபில் ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு மாதிரி ஃபைல் கொடுத்ததால், அங்கே அந்த முத்திரைக்கு வழியே இல்லாமல் போயிற்று.

கூடத்து அலமாரியும் கல்யாண வீடும்

சரி, வெளியே வாங்க வேண்டாம், ஃபைலை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால்? பல ஜாவா திட்டங்களில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். 'ஜேஎஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஜேக்வெரி, ஜேக்வெரி-புதியது, ஜேக்வெரி-கடைசி என்று மூன்று. நம் வீட்டு அலமாரியில் லேபிள் கிழிந்த மருந்து பாட்டில்கள் நிற்குமே, அது போல. எது எதற்கு, எப்போது வாங்கியது, காலாவதியா என்று யாருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் பயம்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்துக்கு நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அவர்கள் தளத்தில் 'மாடர்னைசர்' என்ற லைப்ரரி 2012-லிருந்து தொடப்படாமல் கிடந்தது. 2018 ஆகஸ்டில் சர்வருக்குள் புகுந்தவர்கள் அந்த ஃபைலின் கடைசியில் 22 வரிகளைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். டிக்கெட் வாங்கியவர்களின் கார்டு விவரங்கள் வேறொரு முகவரிக்கும் நகலாகப் போய்க்கொண்டிருந்தன. பாதிக்கப்பட்டோர் 4 லட்சத்துக்கும் மேல். 2020-ல் பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் போட்ட அபராதம் 2 கோடி பவுண்டு. அசல் ஃபைல் எது, யாராவது அதைத் தொட்டார்களா என்று தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால், அந்த 22 வரிகள் அவ்வளவு நாள் அங்கே உட்கார்ந்திருக்காது.

இங்கேதான் ஜாவாக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு நல்ல பழக்கம் கைகொடுத்தது. ஜாவா லைப்ரரிகளை அவர்கள் வெகுகாலமாகக் கண்டபடி நகலெடுத்துப் போடுவதில்லை. 'மேவன்' என்ற கருவியிடம் ஒரு பட்டியல் கொடுத்துவிடுவார்கள். மளிகைப் பட்டியல் மாதிரி: இன்ன கம்பெனி, இன்ன பொருள், இன்ன பதிப்பு. மேவன் அதைப் பார்த்து, 'மேவன் சென்ட்ரல்' என்ற பொதுக் கிடங்கிலிருந்து எடுத்து வந்து கொடுக்கும். ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு 'ஜார்' ஃபைல். ஜாவா ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். நம் ஊறுகாய் ஜாடி என்றே நினைத்துக்கொள்ளலாம்: மூடி போட்டு, லேபிள் ஒட்டிய ஜாடி.

ஜாவாவுக்கு ஜாடி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டையும் அதே ஜாடிக்குள் போட்டால் என்ன? 2012-ல் அமெரிக்க டெவலப்பர் ஜேம்ஸ் வார்டு செய்தது அதைத்தான். பெயர் 'வெப்ஜார்ஸ்'. அதற்கான வாசல் 2009-லேயே திறந்திருந்தது. அந்த ஆண்டு வந்த 'சர்வ்லெட் 3.0' விதியின்படி, ஜாடிக்குள் 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரில் 'ரிசோர்சஸ்' என்ற அறையில் எதை வைத்தாலும், சர்வர் அதை எடுத்து நேராகப் பிரவுசருக்கு நீட்டும். ஜேக்வெரியை அந்த அறையில் வைத்து மூடி, கிடங்கில் சேர்த்தால் வேலை முடிந்தது.

நம் சேலத்துத் தம்பி செய்ய வேண்டியது, தன் மேவன் பட்டியலில் சில வரிகள் சேர்ப்பது. குழு: ஆர்க்.வெப்ஜார்ஸ். பொருள்: ஜேக்வெரி. பதிப்பு: 3.7.1. அவ்வளவுதான். அடுத்த முறை தளத்தைக் கட்டும்போது அந்த லைப்ரரி தளத்துக்குள்ளேயே சேர்ந்து சர்வருக்குப் போய்விடும். வாடிக்கையாளரின் போன் இனி இரண்டு இடங்களுக்குப் போய் அலைய வேண்டாம். ஸ்பிரிங் பூட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். இடங்காட்டி ஜாடி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், பக்கங்களில் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமலே எழுதலாம். பட்டியலில் எண்ணை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

பூட்ஸ்ட்ராப் நான்கைக் கேட்டால், அதற்கு வேண்டிய ஜேக்வெரியையும் மேவனே சேர்த்து அழைத்து வரும். மாப்பிள்ளையை அழைத்தால் கூடவே மாப்பிள்ளைத் தோழன் வருகிற மாதிரி. சிக்கல் எப்போது வரும் என்றால், நீங்கள் ஒரு ஜேக்வெரியைக் கேட்க, காலண்டர் லைப்ரரி வேறொரு பழைய ஜேக்வெரியோடு வந்து நிற்கும்போது. இரண்டில் எது? மேவனின் நியாயம் நம் கல்யாண வீட்டு நியாயம்தான்: கிட்டத்து உறவு சொல்வதுதான் எடுபடும். நீங்கள் நேரடியாகப் பட்டியலில் எழுதியது முதல் உறவு, காலண்டர் வழியாக வந்தது ஒன்றுவிட்ட உறவு. ஆக உங்களுடையது நிற்கும். ஒன்றுவிட்டவர் கோபித்துக்கொண்டால், அதாவது அந்தக் காலண்டர் புதிய ஜேக்வெரியோடு ஒத்துப்போகாவிட்டால், அதைக் கையால் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கருவியும் அந்தச் சமாதானத்தைச் செய்து வைக்காது.

கிடங்குக்குப் போனது திரும்பாது

மேவன் சென்ட்ரலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை வெளியிட்ட பதிப்பை மாற்றவும் முடியாது, வெளியிட்டவரே வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுக்காது. இந்தப் பிடிவாதத்தின் அருமை 2016 மார்ச் 22-ல் தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் கிடங்கான என்பிஎம்-மில், பெயர்த் தகராறு ஒன்றில் கோபமடைந்த அஸர் கோச்சுலு என்ற டெவலப்பர், தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட லைப்ரரிகளை ஒரேயடியாக எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஓர் எழுத்துத் தொடருக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் வேலை. மொத்தம் 11 வரி. அதை நம்பி நின்ற ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகம் முழுக்கக் கட்டவே முடியாமல் நின்றன. சுமார் இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு என்பிஎம் நிர்வாகமே அதைத் திரும்ப வைத்தது. பிறகு இஷ்டப்படி எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றினார்கள்.

ஜாடி மூடியிருப்பதால் உள்ளே இருப்பது நல்லது என்று அர்த்தமில்லை. ஊறுகாய் கெட்டிருந்தால் மூடி என்ன செய்யும்? ஜேக்வெரியின் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு ஓட்டையை 2020 ஏப்ரலில் வந்த 3.5.0 அடைத்தது. கிடங்கில் இன்றும் பழைய ஜாடிகள் அப்படியே இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும். 2025 ஜனவரியில்கூட அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பு, அந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பதாகத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. அடைத்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகியும்! எல்லாத் தோட்டத்திலும் ஒரே ரகம் இருந்தால் நோய்க்குக் கொண்டாட்டம் என்பது காபிக்காரர்களுக்குத் தெரியும். 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே காபியே போய்த் தேயிலை வந்துவிட்டது.

வெப்ஜாருக்கு வேறு குறைகளும் உண்டு. லைப்ரரியை எழுதியவர் வேறு, ஜாடியில் அடைப்பவர் வேறு என்பதால் புதிய பதிப்பு சில சமயம் தாமதமாகத்தான் வரும். ரியாக்ட் மாதிரி நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டிக் கட்டும் பெரிய முன்கட்டுக்கு இது போதாது. அங்கே என்பிஎம்-மிலேயே கட்டி முடித்து, கடைசியில் வரும் ஃபைல்களை ஜாவா திட்டத்துக்குள் வைப்பதுதான் வழக்கம். ஆனால் ஆறு பக்கம், ஒரு காலண்டர், ஒரு படிவம் உள்ள விடுதித் தளத்துக்கு அந்தப் பெரிய ஏற்பாட்டைக் கொண்டுவருவது, இரண்டு கிலோ காபி வறுக்க ஆலை வைக்கிற கதை. 2024-ல் சேலத்தில் டைடல் நியோ பூங்கா திறந்த பிறகு, ஊரிலேயே வேலை என்று ஆசையோடு ஜாவா படிக்கும் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தச் சின்ன வழியையும் சொல்லித் தரலாம்.

விடுதி நடத்தும் அக்காவுக்கு இதில் எவ்வளவு தெரிய வேண்டும்? ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்: "நம்ம தளத்துக்குள்ள என்னென்ன இருக்கு, லிஸ்ட் குடு தம்பி." பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் மைதா, சர்க்கரை, உப்பு என்று அச்சடித்திருப்பார்களே, அதே போல மென்பொருளுக்கும் உள்ளடக்கப் பட்டியல் வேண்டும் என்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி, தன் கீழ் உள்ள நிறுவனங்களுக்கான சைபர் பாதுகாப்பு விதிகளில் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே இதைச் சேர்த்துவிட்டது. எட்டு அறை விடுதியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் கேட்கலாம், காசு கொடுத்தவர் கேட்பதில் தப்பில்லை.

ஜேக்வெரி ஃபைலைக் கையால் நகலெடுத்துப் போட்டிருந்தால் தம்பி தலையைச் சொறிவார். மேவன் பட்டியலில் எழுதியிருந்தால், 'டிபென்டன்சி ட்ரீ' என்ற ஒரு கட்டளை கொடுத்ததும் எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கிளை கிளையாகத் திரையில் இறங்கும். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஜேக்வெரி என்ற வரிக்குப் பக்கத்தில் 3.5-க்குக் கீழே ஏதாவது எண் இருந்தால், அக்கா அடுத்த சீசனுக்கு முன்பே மறுபடி போன் போட வேண்டியிருக்கும்.